ஆப்பிள் கைவிட்ட மேக்கில் புதிய மேக்ஓஎஸ்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

"இந்த மாடலுக்கு இனி புதிய மேக்ஓஎஸ் கிடையாது" என்று ஆப்பிள் ஒதுக்கிவிட்ட மேக்கிலும் புதியதை ஓட்டலாம். அதற்குப் பெரும்பாலானவர்கள் நம்பியிருப்பது ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற இலவச மென்பொருளை. 2012 மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் கொடுத்த கடைசிப் பதிப்பு கேட்டலினா. 2015 மேக்புக் ப்ரோவுக்கு மான்டரே, 2017 ஐமேக்குக்கு வென்ச்சுரா. மூன்றிலும் பேட்சர் வழியாக 2024இல் வந்த சிக்கோயா வரை ஏற்ற முடியும். எப்படி நிறுவுவது என்று இங்கே சொல்லப் போவதில்லை. நிறுவப் போய் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், நிறுவிய பிறகு ஏதோ ஒன்று வேலை செய்யாமல் முழிப்பவர்களுக்கும்தான் இது.

கோளாறு வந்ததும் பலரும் செய்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவது. பத்தில் ஒன்பது முறை அது வீண் வேலை. அதே கோளாறு அதே இடத்தில் மறுபடி வரும். முதலில் பார்க்க வேண்டியது, இயந்திரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை.

இந்த ஏற்பாட்டில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது, ஓப்பன்கோர் என்ற பூட்லோடர், அதாவது இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் சிறு நிரல். வட்டில் துவக்கத்துக்கென ஒதுக்கிய இஎஃப்ஐ பகுதியில் உட்கார்ந்திருக்கும். ஆப்பிள் லோகோ வருவதற்கு முன்பே எழுந்து, மேக்ஓஎஸ் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பழைய இயந்திரத்தின் சார்பில் பதில் சொல்லும். இரண்டாவது, மேக்ஓஎஸ். அதை ஆப்பிளிடமிருந்து அப்படியே இறக்குகிறோம், அதில் யாரும் கை வைக்கவில்லை. மூன்றாவது, ரூட் பேட்ச். ஆப்பிள் தூக்கிப் போட்ட பழைய கிராபிக்ஸ், வைஃபை டிரைவர்களை, நிறுவி முடிந்த பிறகு சிஸ்டம் வால்யூமில் (வட்டில் மேக்ஓஎஸ் இருக்கும் பகுதி) திரும்ப வைக்கும் வேலை அது.

எனவே லோகோ வரும் முன் நின்றால் பூட்லோடரைப் பாருங்கள். லோகோவுக்கும் லாகின் திரைக்கும் நடுவில் நின்றால், தவறான மாடலுக்குக் கட்டிய ஓப்பன்கோரோ, யூஎஸ்பி சிக்கலோ, பொருந்தாத பேட்ச்சோ காரணமாக இருக்கும். உள்ளே போன பிறகு எது வேலை செய்யாவிட்டாலும் முதல் சந்தேகம் ரூட் பேட்ச் மேல்தான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். டைம் மெஷின் பேக்கப் ஒன்று வெளி வட்டில் இருக்கட்டும். அப்புறம், நிறுவுவதற்காகச் செய்த பென்டிரைவை, வேலை முடிந்தாலும் அழிக்காதீர்கள். உள் வட்டில் உள்ள ஓப்பன்கோர் கெட்டுப்போனால் இயந்திரத்துக்குள் நுழைய அதுதான் வழி. 16 ஜிபி பென்டிரைவில் சமீபத்திய நிறுவி மூச்சுமுட்டும், 32 ஜிபி எடுத்துக்கொள்ளுங்கள்.

## ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் 'இஎஃப்ஐ பூட்' தெரியவில்லை

பென்டிரைவில் நிறுவி மட்டும் இருக்கிறது, ஓப்பன்கோர் இல்லை. இரண்டும் தனித்தனி வேலைகள். பேட்சரில் 'கிரியேட் மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்' முடிந்ததும், 'பில்ட் அண்ட் இன்ஸ்டால் ஓப்பன்கோர்' என்பதையும் ஓட்டி, அதே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வேலை முடிந்ததுமே எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பலர் எழுந்துவிடுகிறார்கள்.

ஆப்ஷன் அழுத்தியும் தேர்வுத் திரையே வரவில்லை, நேராகப் பழைய இயங்குதளத்துக்குப் போகிறது என்றால் விசைப்பலகையைச் சந்தேகியுங்கள். ப்ளூடூத் விசைப்பலகைகள் அந்த நேரத்தில் விழித்திருக்கும் என்று நம்ப முடியாது. கம்பி வைத்த ஒன்றை நேரடியாகச் செருகுங்கள். பூட்டுப் படம் வந்து கடவுச்சொல் கேட்டால் யாரோ ஃபர்ம்வேர் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார்கள். அதை எடுக்காமல் மேற்கொண்டு நகர முடியாது.

## வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட தடைக்குறி

ஓப்பன்கோர் வழியாகப் போகாமல் நேரடியாக மேக்ஓஎஸ் நிறுவியைத் திறந்திருக்கிறீர்கள். இயந்திரத்தின் மாடலைப் பார்த்ததுமே அது கதவைச் சாத்திவிட்டது. மின்சாரப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, ஆப்ஷன் பிடித்து மறுபடி துவக்குங்கள். முதல் திரையில் ஓப்பன்கோர் சின்னம் போட்ட 'இஎஃப்ஐ பூட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கப்புறம் ஓப்பன்கோரின் சொந்தத் தேர்வுத் திரை வரும். நிறுவியை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்க இரண்டு திரைகளும் ஒரே மாதிரி இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஒவ்வொரு முறையும் ஆப்ஷன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 'இஎஃப்ஐ பூட்' மேல் நிற்கும்போது கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் அதுவே நிரந்தரத் தேர்வாகிவிடும். துவக்க அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் என்விராமை ரீசெட் செய்தால் (துவங்கும்போது கமாண்ட், ஆப்ஷன், பி, ஆர் நான்கும் சேர்த்து) இந்தத் தேர்வும் மறந்துபோகும், மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேக் திடீரென்று தடைக்குறி காட்டுகிறதா? முதலில் இதைப் பாருங்கள்.

சரியான வழியில் போயும் லோகோவுக்குப் பிறகு தடைக்குறி வந்தால், நிறுவி தன் பென்டிரைவையே காணாமல் தேடுகிறது என்று அர்த்தம். வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றுங்கள். மிகப் பழைய மாடல்களில் அடுத்து வரும் வைத்தியம்தான் பலிக்கும்.

## நிறுவி திறந்துவிட்டது, ஆனால் விசைப்பலகையும் டிராக்பேடும் அசையவில்லை

வென்ச்சுராவிலிருந்து யூஎஸ்பி 1.1 கன்ட்ரோலர்களுக்கான டிரைவர்களை ஆப்பிள் நீக்கிவிட்டது. 2010ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் வந்த பல மேக்குகளில் உள் விசைப்பலகை, டிராக்பேட், ப்ளூடூத் எல்லாம் உள்ளுக்குள் இணைந்திருப்பது அந்தக் கன்ட்ரோலரில்தான். நேரடியாகச் செருகும் மவுஸும் மெதுவான கருவி என்பதால் அதே கன்ட்ரோலருக்குத்தான் போகும். திரை தெளிவாக இருக்கும், சுட்டி மட்டும் நகராது. கைக்குக் கிடைத்த மவுஸையெல்லாம் செருகிப் பார்த்தும் பயன் இருக்காது.

தீர்வு எளிது: சாதாரண யூஎஸ்பி 2.0 ஹப் ஒன்று. ஹப்பை மேக்கில் செருகி, விசைப்பலகையையும் மவுஸையும் ஹப்பில் செருகுங்கள். மேக்குக்கு இப்போது தெரிவது யூஎஸ்பி 2.0 கருவி, அதற்கு டிரைவர் உண்டு. நிறுவி முடித்து ரூட் பேட்ச் போட்டதும் யூஎஸ்பி 1.1 டிரைவர் திரும்ப வந்துவிடும், அதன் பிறகு ஹப் தேவையில்லை. ஆனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மேக்ஓஎஸ் அப்டேட்டும் அந்த டிரைவரைத் துடைத்துவிடும். மறுபடி பேட்ச் போடும்வரை விசைப்பலகை இருக்காது, கடவுச்சொல்லைத் தட்டக்கூட ஹப் வேண்டும்.

## பாதி நிறுவி, ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி முதல் திரைக்கே வருகிறது

நிறுவும்போது மேக் பலமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும். முதல் தடவைக்குப் பிறகு ஓப்பன்கோர் திரையில் 'இன்ஸ்டால் மேக்ஓஎஸ்' என்பதைத் தொடக்கூடாது. அது பென்டிரைவிலுள்ள முதல் கட்டம். உள் வட்டின் படத்தோடு 'மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்' என்று புதிதாக ஒன்று முளைத்திருக்கும், அதுதான் தொடர்ச்சி. வழக்கமாக ஓப்பன்கோரே சரியானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நடுவில் நாம் அம்புக்குறி விசையைத் தட்டினால்தான் வம்பு.

"நிறுவி சேதமடைந்துள்ளது" என்றோ, ரிகவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றோ செய்தி வந்தால் மறுபடி இறக்குவதற்கு முன் தேதியைப் பாருங்கள். நீண்ட நாள் அணைந்து கிடந்த பழைய மேக்கின் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும், சான்றிதழ் சரிபார்ப்பு தோற்றுவிடும். நிறுவித் திரையின் மேலே உள்ள யுட்டிலிட்டீஸ் மெனுவில் டெர்மினலைத் திறந்து தேதியைச் சரிசெய்யலாம். பழைய இயங்குதளம் இன்னும் உள்ளே இருந்தால் அதற்குள் போய்ச் சரிசெய்வது சுலபம்.

## ஆப்பிள் லோகோவின் கீழே பட்டை ஓடி, பாதியில் நிற்கிறது

முதலில் பொறுமை. நிறுவிய பின் வரும் முதல் துவக்கம் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அரைமணி நேரத்துக்கு மேல்கூட இழுக்கும். எஸ்எஸ்டியிலும் பட்டை ஒரே இடத்தில் பல நிமிஷம் நிற்பது சகஜம். ஒரு மணி நேரம் ஆகியும் அசைவில்லை என்றால்தான் கோளாறு.

பட்டையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வேறு மேக்கில் பேட்சரைத் திறந்து, செட்டிங்ஸில் நின்றுபோன மேக்கின் மாடலைத் தேர்ந்தெடுத்து, 'வெர்போஸ்' என்பதை இயக்கி, ஓப்பன்கோரைப் பென்டிரைவில் மறுபடி ஏற்றுங்கள். அடுத்த துவக்கத்தில் லோகோவுக்குப் பதில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடும். ஓடுகிற எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், நின்ற இடத்தின் கடைசிப் பத்து வரி போதும். 'ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் வட்டையோ பென்டிரைவையோ அது கண்டுபிடிக்கவில்லை: துளையை மாற்றுங்கள், ஹப் போடுங்கள். 'பேனிக்' என்ற சொல் வந்தால் அதன் அருகே ஏதாவது டிரைவரின் பெயர் இருக்கும். கிராபிக்ஸ் டிரைவர் என்றால் பேட்ச் சிக்கல், கீழே கறுப்புத் திரைப் பகுதிக்குப் போங்கள்.

இந்தக் கட்டத்தில் நான் அதிகம் பார்க்கும் காரணம் ஒன்று உண்டு. ஓப்பன்கோரை வேறொரு மேக்கில் கட்டியிருப்பார்கள். பேட்சர், தான் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்காகத்தான் ஓப்பன்கோரைக் கட்டும். புதிய மேக்புக்கில் கட்டி 2011 ஐமேக்கில் செருகினால் ஐமேக்குக்கு ஒன்றும் புரியாது. செட்டிங்ஸில் இலக்கு மாடலை மாற்றிவிட்டுக் கட்ட வேண்டும். உங்கள் மாடலின் அடையாளம் 'மேக்புக்ப்ரோ' என்ற பெயரும் பின்னால் இரண்டு எண்களுமாக சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் இருக்கும்.

மாடல் பொருந்துவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். வென்ச்சுரா முதல் மேக்ஓஎஸ்ஸின் பொது நூலகங்கள் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பை எதிர்பார்க்கின்றன. இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறைக்கு முந்தைய சிப்களில் அது கிடையாது. ஆனால் ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக்குகளில் இன்டெல் மென்பொருளை ஓட்டும் ரொசெட்டாவுக்காக, ஏவிஎக்ஸ்2 இல்லாத நகல் ஒன்றை ஆப்பிளே தயாரித்து வைத்திருக்கிறது. பழைய மேக்குக்கு அந்த நகலைப் போடும்படி நிறுவியைத் திசைதிருப்பும் துணைநிரல் ஓப்பன்கோரோடு சேர்ந்து வருகிறது. தவறான மாடலுக்குக் கட்டினால் அது சேராது. நிறுவி முடியும், துவங்காது.

## பென்டிரைவை எடுத்ததும் துவங்க மறுக்கிறது

மேக்ஓஎஸ் உள் வட்டில் இருக்கிறது, ஓப்பன்கோர் இன்னும் பென்டிரைவிலேயே இருக்கிறது. பென்டிரைவைச் செருகி உள்ளே போய், பேட்சரைத் திறந்து, 'பில்ட் அண்ட் இன்ஸ்டால்' செய்யும்போது உள் வட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு ஆப்ஷன் பிடித்து, உள் வட்டின் 'இஎஃப்ஐ பூட்'டை நிரந்தரமாக்குங்கள். அவ்வளவுதான்.

## உள்ளே போயாயிற்று, ஆனால் எல்லாம் தத்தித் தத்தி நகர்கிறது

டாக்கின் மேல் சுட்டியை ஓட்டினால் படங்கள் வெட்டி வெட்டிப் பெரிதாகின்றன. மெனுப் பட்டையில் கண்ணாடித்தன்மை இல்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைக்க முடியவில்லை. 'அபௌட் திஸ் மேக்' திறந்தால் கிராபிக்ஸ் என்ற இடத்தில் வெறும் 'டிஸ்ப்ளே' என்று போட்டு, பக்கத்தில் சில எம்பி நினைவகம் காட்டுகிறது. கிராபிக்ஸ் சிப்புக்கு டிரைவரே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் பிராசஸர் கையால் வரைந்துகொண்டிருக்கிறது.

நிறுவல் கெட்டுவிடவில்லை, ரூட் பேட்ச் இன்னும் போடவில்லை, அவ்வளவே. பேட்சரில் 'போஸ்ட்-இன்ஸ்டால் ரூட் பேட்ச்' திறந்தால் உங்கள் மாடலுக்கு என்னென்ன வேண்டும் என்று அதுவே பட்டியலிடும். 'ஸ்டார்ட் ரூட் பேட்சிங்', கடவுச்சொல், ரீஸ்டார்ட். பெரும்பாலான மேக்குகளில் இதோடு முடிந்துவிடும்.

முடிந்தும் திருப்தி இல்லையென்றால் உங்கள் கிராபிக்ஸ் சிப் எந்த வகை என்று பாருங்கள். மெட்டல் என்பது ஆப்பிளின் கிராபிக்ஸ் மொழி. 2011 மேக்குகளிலுள்ள இன்டெல் எச்டி 3000, என்விடியாவின் டெஸ்லா தலைமுறை, ஏஎம்டியின் டெராஸ்கேல் ஆகியவை மெட்டல் பேசாதவை. பேட்ச் போட்டால் இவற்றில் திரை சரளமாக ஓடும், ஆனால் புதிய மேக்ஓஎஸ்ஸின் பல செயலிகள் மெட்டலை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. மேப்ஸ் சரியாக வராது, படத்தொகுப்புச் செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், மங்கல் விளைவுகள் அங்கங்கே தப்பும். இதைச் சரிசெய்ய வழி கிடையாது. என்னைக் கேட்டால் 2011 மேக்கில் சிக்கோயா போடுவதைவிட மான்டரேயில் நிறுத்திக்கொள்வது நல்லது.

2012 முதல் வந்த இன்டெல் எச்டி 4000, ஹாஸ்வெல் கிராபிக்ஸ், என்விடியா கெப்ளர் ஆகியவை மெட்டல் பேசும், ஆனால் பழைய பேச்சு. சிக்கோயாவில் இவற்றுக்கெனத் தனியாக ஒரு மெட்டல் நூலகத் தொகுப்பை இறக்க வேண்டியிருக்கிறது. பேட்சர் தானாகவே இறக்கும். இணையம் நடுவில் அறுந்தால் பேட்ச்சும் அறுந்துபோகும்.

இன்னொன்று. 2011இல் வந்த 15, 17 அங்குல மேக்புக் ப்ரோவின் ஏஎம்டி கிராபிக்ஸ் சிப் சூட்டில் பழுதாவதற்குப் பெயர்போனது. 2015இல் ஆப்பிளே அதற்காக இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. அந்த மாடலில் நெடுக்குக் கோடுகள், நிறம் மாறிய திரை, லோகோவுக்கு முன்பே கந்தலான படம் வந்தால் எந்த பேட்ச்சும் உதவாது. சிப் போய்விட்டது.

## ரூட் பேட்ச் மறுக்கிறது

சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடக்ஷன் (சிஸ்டம் கோப்புகளை மாற்றவிடாத ஆப்பிளின் பாதுகாப்பு) இயக்கத்தில் இருப்பதாகப் பேட்சர் சொன்னால், நீங்கள் இப்போது துவக்கியிருப்பது சரியான ஓப்பன்கோரிலிருந்து அல்ல. அந்தப் பாதுகாப்பைத் தேவையான அளவுக்குத் தளர்த்துவதே ஓப்பன்கோர்தான். உள் வட்டில் ஒரு ஓப்பன்கோர், பென்டிரைவில் வேறு பதிப்பு என்று இரண்டு இருந்தால் எது முந்திக்கொண்டது என்று தெரியாது. பென்டிரைவைக் கழற்றிவிட்டு, உள் வட்டில் புதிதாகக் கட்டி ஏற்றி, ஓப்பன்கோர் தேர்வுத் திரையில் ஸ்பேஸ் விசையைத் தட்டுங்கள். மறைந்திருக்கும் 'ரீசெட் என்விராம்' தெரியும். அதைச் செய்துவிட்டு மறுபடி 'இஎஃப்ஐ பூட்' வழியாக வாருங்கள். தேர்வுத் திரையையே மறைத்து வைத்திருந்தால், துவங்கும்போது எஸ்கேப் விசையைப் பிடித்தால் வரும்.

கேடிகே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது வேறு கதை. வென்ச்சுரா முதல் சில பழைய சிப்களுக்குப் பேட்ச் போட, ஆப்பிள் டெவலப்பர்களுக்கென வெளியிடும் கெர்னல் டீபக் கிட் (சுருக்கமாகக் கேடிகே) தேவை. அது மேக்ஓஎஸ் பதிப்போடு பொருந்தியிருக்க வேண்டும். அப்டேட் வந்த அன்றே ஏற்றினால் அதற்கான கிட் இன்னும் வெளிவராமல் இருக்கலாம். சில நாள் பொறுத்து முயன்றால் தானாகவே சரியாகிவிடும்.

## வைஃபை சின்னமே இல்லை

வென்ச்சுராவுக்கு அடுத்து வந்த சோனோமாவில் ஆப்பிள் பழைய பிராட்காம் வைஃபை டிரைவர்களை நீக்கிவிட்டது. 2017 வரை வந்த மேக்குகளில் பெரும்பாலானவை இதில் அடிபடும். 2017 ஐமேக்கில் கிராபிக்ஸ் எந்த பேட்ச்சும் இல்லாமலே நன்றாக ஓடும், வைஃபை மட்டும் இருக்காது.

வைஃபைக்கு ரூட் பேட்ச் வேண்டும், ரூட் பேட்ச்சுக்குத் தேவையான கிட்டை இறக்க இணையம் வேண்டும். இந்தச் சுழலை உடைக்க ஈதர்நெட் கம்பி இருந்தால் அதுவே சிறந்த வழி. இல்லாவிட்டால் ஐஃபோனை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிரலாம். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களை மேக் நேரடியாக ஏற்காது. இரண்டும் இல்லையென்றாலும் பேட்சரை ஓட்டிப் பாருங்கள். இணையம் இல்லாத நிலையில் வைஃபை பேட்ச்சை மட்டும் முதலில் போட்டுவிடும். ரீஸ்டார்ட் செய்து, வைஃபை இணைத்து, இரண்டாம் முறை ஓட்டினால் மீதி எல்லாம் ஏறும். பேட்சரின் கோப்பை நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

## பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை

ஓப்பன்கோர் திரையில் மேக்ஓஎஸ் மேல் நின்று, ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு என்டர் தட்டுங்கள். சேஃப் மோடில் திறக்கும். புதிய கிராபிக்ஸ் டிரைவர் அங்கே ஏறாது என்பதால் திரை தத்தினாலும் தெரியும். பேட்சரில் 'ரிவர்ட் ரூட் பேட்சஸ்' கொடுங்கள். பேட்ச் போடும் முன்பிருந்த ஆப்பிளின் முத்திரையிட்ட நிலைக்கு சிஸ்டம் திரும்பிவிடும், உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பேட்சரைப் புதிய பதிப்புக்கு மாற்றி, ஓப்பன்கோரை முதலிலும் ரூட் பேட்ச்சைப் பிறகும் போடுங்கள். பேட்சர் புதியது, வட்டிலுள்ள ஓப்பன்கோர் பழையது என்ற பொருத்தமின்மையே இந்தக் கறுப்புத் திரைக்கு வழக்கமான காரணம்.

## நேற்று வரை நன்றாக ஓடியது, அப்டேட் போட்டேன், எல்லாம் போச்சு

போகவில்லை. கேட்டலினாவுக்கு அடுத்து வந்த பிக் சர் முதல் சிஸ்டம் வால்யூம் என்பது ஆப்பிள் முத்திரையிட்ட ஒரு நகல். அப்டேட் வரும்போது அந்த நகலையே முழுதாக மாற்றிவிடுகிறார்கள், நாம் போட்ட பேட்ச்சும் அதோடு போய்விடும். உள்ளே போய் மறுபடி ரூட் பேட்ச் போட்டால் திரும்ப வந்துவிடும். இதைப் பேட்சரே கண்டுபிடித்து ஒரு பெட்டியில் நினைவூட்டும்.

வரிசை முக்கியம்: முதலில் பேட்சரைப் புதுப்பிக்க வேண்டும், அதைக் கொண்டு ஓப்பன்கோரை உள் வட்டில் மறுபடி ஏற்ற வேண்டும், அப்புறம்தான் மேக்ஓஎஸ் அப்டேட், கடைசியில் ரூட் பேட்ச். செட்டிங்ஸில் தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். இரவில் தானாக ஏறிக்கொண்டு காலையில் வைஃபை இல்லாமல் நிற்பதைத் தவிர்க்கலாம்.

சின்ன அப்டேட்டுக்கும் பத்து ஜிபிக்கு மேல் இறக்குகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. முத்திரை உடைந்த சிஸ்டத்தில் வித்தியாசத்தை மட்டும் ஒட்ட முடியாது, முழு நிறுவியும் வந்தாக வேண்டும். அப்டேட்டே காட்டவில்லை என்றால் ஓப்பன்கோர் இல்லாமல் துவக்கியிருக்கலாம். இயந்திரம் ஒரு மெய்நிகர் கணினி என்று அப்டேட் சேவையை நம்பவைத்து அப்டேட்டை வரவழைப்பதும் ஓப்பன்கோரின் வேலைதான்.

2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ அப்டேட் பட்டியலில் தெரியும், தொட வேண்டாம். பேட்சரின் 2.4 வரிசைப் பதிப்புகள் சிக்கோயா வரைதான். டஹோவை ஆப்பிளே நான்கு இன்டெல் மாடல்களுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறது, இன்டெலுக்கு அதுவே கடைசி என்றும் சொல்லிவிட்டது. தெரியாமல் ஏற்றி மாட்டிக்கொண்டால் மேலேயே பழையதை நிறுவிக் கீழிறங்க முடியாது. வட்டை அழித்துவிட்டு சிக்கோயாவை நிறுவி, பேக்கப்பிலிருந்து கோப்புகளைக் கொண்டுவர வேண்டும்.

## எல்லாம் சரி, ஆனால் மெதுவாக இருக்கிறது

முதல் ஓரிரு நாள் ஸ்பாட்லைட் எல்லாக் கோப்புகளையும் அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கும், விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் மெதுவென்றால் வட்டு என்ன வகை என்று பாருங்கள். புதிய மேக்ஓஎஸ் பயன்படுத்தும் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறை எஸ்எஸ்டியை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுழலும் வட்டில் அது படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எஸ்எஸ்டி மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை.

ஆக்டிவிட்டி மானிட்டரில் 'கெர்னல் டாஸ்க்' பிராசஸரை விழுங்குவது போலத் தெரிந்தால், இயந்திரம் சூட்டைக் குறைக்கத் தன்னைத்தானே கட்டிப்போட்டிருக்கிறது. விசிறியில் தூசி, காய்ந்த வெப்பப் பசை, அறுந்த சென்சார் எது வேண்டுமானாலும் இருக்கலாம். மேக்புக்கில் பேட்டரி செத்திருந்தாலோ கழற்றியிருந்தாலோ பிராசஸர் குறைந்த வேகத்திலேயே ஓடும். இதற்கும் பேட்ச்சுக்கும் சம்பந்தமில்லை.

## சில்லறைத் தொல்லைகள்

சஃபாரியில் கட்டணப் படச் சேவைகள் கறுப்பாக வந்தால் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ பாருங்கள். பழைய கிராபிக்ஸ் டிரைவரால் சஃபாரியின் உரிமைப் பாதுகாப்பைச் சமாளிக்க முடிவதில்லை.

கேமரா, மைக் அனுமதி கேட்கும் பெட்டியே வராமல் செயலி மறுத்தால், பாதுகாப்பு அடுக்கைத் தளர்த்தியதன் பக்கவிளைவு அது. புதிய பேட்சரில் இதற்கான துணைநிரல் இருக்கிறது, ஓப்பன்கோரைப் புதுப்பித்தால் போதும்.

ஹேண்ட்ஆஃப் (ஒரு ஆப்பிள் கருவியில் தொடங்கியதை இன்னொன்றில் தொடரும் வசதி) வேலை செய்யாத மேக்கில் ப்ளூடூத் 4.0 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேட்ச்சால் ஒன்றும் ஆகாது. ஐஃபோன் மிரரிங்குக்கு ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப்போ ஆப்பிள் சிலிக்கானோ வேண்டும். ஆப்பிள் இன்டெலிஜென்ஸுக்கு எம்1 அல்லது அதற்கு மேல். இவற்றுக்காக இரவு முழுக்க விழித்திருக்காதீர்கள்.

## போதும், பழையபடி ஆக்கிவிட வேண்டும்

2011க்குப் பிந்தைய இன்டெல் மேக்குகளில் துவங்கும்போது ஷிஃப்ட், ஆப்ஷன், கமாண்ட், ஆர் நான்கையும் சேர்த்துப் பிடித்தால் இணைய ரிகவரி திறக்கும். இயந்திரத்தோடு வந்த மேக்ஓஎஸ் அல்லது அதற்கு நெருக்கமானது கிடைக்கும். ஷிஃப்ட் இல்லாமல் மற்ற மூன்றையும் பிடித்தால் ஆப்பிள் அந்த மாடலுக்கு அனுமதித்த கடைசிப் பதிப்பு. டிஸ்க் யுட்டிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, வால்யூமை மட்டும் அழிக்காமல் முழு வட்டையும் அழியுங்கள். வால்யூமை மட்டும் அழித்தால் இஎஃப்ஐ பகுதியில் ஓப்பன்கோர் அப்படியே இருந்துவிடும். அழித்ததும் என்விராமை ஒருமுறை ரீசெட் செய்துவிட்டு நிறுவத் தொடங்குங்கள்.